விலங்குகளைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்

தவக்காலம் முடிந்து உயிர்ப்புப் பெருவிழாவும் கடந்துவிட்டால், மதுரையின் பங்குக் கோவில்களில் திருமண ஓலை வாசிக்கப்படாத ஞாயிற்றுக்கிழமை அரிது. திருப்பலி நிறைவுற்றதும் மணமக்கள் மண்டபத்திற்கு வருகின்றனர். மாலைகளும் பரிசுப் பொருள்களும் மேடையேறிய பின் வாழ்த்துரைகள் தொடங்குகின்றன. முதலில் பேசுபவர் அன்றில் பறவையை அழைத்து வருகிறார்; துணை பிரிந்தால் அது உயிர் தரியாதாம். அடுத்தவர் மாடப்புறாவை அழைத்து வருகிறார். மூன்றாமவர் சற்றுத் தமிழ் படித்தவராக இருந்தால் குறுந்தொகையின் மந்தியே மேடைக்கு வந்துவிடுகிறது. அஃறிணை உயிர்களே இவ்வாறு வாழும்போது ஆறறிவு பெற்ற நாம் எப்படி வாழவேண்டும் என்ற வினாவோடு உரை முடிகிறது. அவை கைதட்டுகிறது.

அதே ஊரில் வேறொரு குரலும் உண்டு. அது மேடையில் ஒலிப்பதில்லை. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் குடும்பப் பஞ்சாயத்துகளிலும் ஒலிக்கிறது. ஆண் சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான் என்பது அதன் பழைய வடிவம். அண்மைக்காலத்தில் அது அறிவியல் ஆடை உடுத்திக்கொண்டிருக்கிறது. பாலூட்டிகளில் ஆண் பல பெண்களை நாடுவதே இயற்கை, ஒருவனுக்கு ஒருத்தி என்பது மதமும் சட்டமும் மாட்டிய விலங்கு என்று வார இதழ்களின் துணுக்குப் பகுதிகளும் கைப்பேசிக் காணொளிகளும் போதிக்கின்றன. மனைவியைக் கைவிட்டு வேறொரு வீட்டில் குடியேறியவனுக்கு இதைவிட வசதியான வேதம் கிடைக்குமா?

இவ்விரு குரல்களும் எதிரெதிரானவை போலத் தோன்றும். என் கருத்தில் இவை ஒரே வேரில் கிளைத்தவை. மனிதன் எப்படி வாழவேண்டும் என்பதை விலங்கிடம் போய்க் கேட்பதே அந்த வேர். முதலாமவர் தமக்குப் பிடித்த விலங்கைக் கேட்கிறார். இரண்டாமவர் தமக்குப் பிடித்த விலங்கைக் கேட்கிறார். இருவருமே அந்த விலங்கை உற்றுப் பார்த்ததில்லை. இரண்டு வழக்குகளும் தள்ளுபடி செய்யப்பட வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மந்தியும் கடுவனும்

குறுந்தொகையின் 69ஆம் பாடல் கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண்குரங்கு இறந்துவிடுகிறது. கைம்மை நோன்பைத் தாங்க இயலாத மந்தி, இன்னும் மரமேறப் பழகாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஓங்கிய மலைச்சரிவில் பாய்ந்து உயிரை விடுகிறது. இரவில் வரும் தலைவனிடம், இத்தகைய மலைநாட்டுக்காரனே, நள்ளிரவில் வராதே, உனக்கு ஏதேனும் நேர்ந்தால் இவள் தாங்கமாட்டாள் என்று தோழி உணர்த்துவதற்காகப் புலவர் படைத்த காட்சி இது. கவிதையாக அது ஒப்பற்றது. விலங்கியல் சான்றாக அதை நீட்டும்போதுதான் இடறுகிறோம்.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் அழகர்மலை இருக்கிறது. சங்கத் தமிழர் கண்ட நாட்டுக்குரங்குகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே படிக்கட்டுகளில் அமர்ந்து பேன் பார்த்துக்கொள்கின்றன. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் இவ்வினத்தைப் பற்றி நம் நாட்டு ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் எழுதியிருக்கின்றனர். ஒரு கூட்டத்தில் பல ஆண்களும் பல பெண்களும் உள்ளனர். பெண் தான் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாளெல்லாம் தங்குகிறது. ஆண்களில் பெரும்பாலானவை வளர்ந்தபின் வேறு கூட்டம் தேடிச் செல்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஒரு மந்தி ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேர்கிறது. குட்டியின் தந்தை யார் என்பது கூட்டத்தில் எவருக்கும் தெரியாது. ஒருத்திக்கு ஒருவன் என்னும் உறவே இல்லாத சமூகத்தில் கைம்மைக்கு இடம் ஏது?

ஆயினும் புலவர் கண்ணை மூடிக்கொண்டு பாடவில்லை. குட்டியை மந்தி சுற்றத்திடம் சேர்த்தது என்கிறாரே, அந்தச் சுற்றம் உண்மையானது. தாய், தமக்கை, பாட்டி என்று பெண்வழி உறவே குரங்குக் கூட்டத்தின் முதுகெலும்பு. அதைக் கரவீரன் கண்டிருக்கிறார். அவர் கூடுதலாகச் சேர்த்த ஒன்றே ஒன்று, துணை இறந்தால் தானும் இறக்கும் கடமை. அது காட்டில் விளைந்ததன்று, நாட்டில் விளைந்தது. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு கணவனின் ஈமத்தீயில் புகுந்ததைப் புறநானூறு சொல்கிறது. மனிதப் பெண் மீது சுமத்திய கடமையை மந்தியின் மீதும் சுமத்தினோம். பின்னர் மந்தியே அப்படிச் செய்கிறதே என்று சொல்லி மனிதப் பெண்ணிடம் திரும்பி வந்தோம். இந்தச் சுற்று வழியை மேடையில் கைதட்டுபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கதையில் பாய்வது பெண் என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை.

புனிதரின் யானை

இத்தவறு தமிழருக்கு மட்டும் உரியதன்று. நம் திருச்சபையின் பெரும் ஆன்மிக ஆசிரியர்களுள் ஒருவரான பிரான்சிஸ் சலேசியார், 1609இல் வெளியான தம் பக்திநெறி நூலில், இல்லறத்தாருக்கு யானையை முன்மாதிரியாகக் காட்டுகிறார். அது தன் துணையை ஒருபோதும் மாற்றாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் ஐந்தே நாள், மறைவாகக் கூடும். ஆறாம் நாள் ஆற்றில் நீராடிய பிறகே கூட்டத்திற்குத் திரும்பும் என்று எழுதுகிறார். இச்செய்திக்கு மூலம் முதல் நூற்றாண்டின் உரோமை எழுத்தாளர் பிளினி. பிரான்சு நாட்டுச் சவோய் மலைப்பகுதியில் வாழ்ந்த ஆயர் யானைக் கூட்டத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நூலில் படித்ததை நம்பினார். அவரைக் குறைகூற முடியாது.

ஆனால் நாம் யானை வாழும் நாட்டில் வாழ்கிறோம். மேகமலையும் வருசநாட்டு மலையும் நமக்குத் தொலைவில்லை. யானைக் கூட்டம் என்பது மூத்த பெண்யானை ஒன்றின் தலைமையில் வாழும் தாய்களும் மகள்களும் கன்றுகளும் ஆகும். ஆண்கன்று பருவமெய்தியதும் கூட்டத்தைவிட்டுப் போய்விடுகிறது. பின் தனித்தோ பிற ஆண்களோடோ அலைகிறது. மதங்கொண்ட காலத்தில் கூட்டங்களைத் தேடி வருகிறது, கூடுகிறது, கடந்து செல்கிறது. தன் கன்று எது என்று தேடி அது நிற்பதில்லை. சலேசியார் போதித்த இல்லறத் தூய்மை உண்மையானது. அதற்குச் சான்றாக அவர் அழைத்த யானைதான் உண்மையானதன்று. சான்று பொய்த்தால் போதனையும் பொய்த்துவிடும் என்று கேட்பவர் நினைத்துவிடும் அபாயம் இங்கேதான் பிறக்கிறது.

பறவைகளையாவது விட்டுவைக்கக் கூடாதா என்பீர்கள். பறவை இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு இணைசேர்ந்து கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பவை, உண்மை. ஆயினும் 1980களின் நடுவில் மரபணுவைக் கொண்டு தந்தையை அறியும் முறை வந்த பிறகு, ஆய்வாளர்கள் கூடுகளில் உள்ள குஞ்சுகளைச் சோதித்தனர். நம் வீட்டு உத்திரத்தில் கூடு கட்டிய சிட்டுக்குருவி உட்பட, இணைவாழ்வுக்குப் பெயர்போன பல இனங்களில், கூட்டுக்குரிய ஆணுக்குப் பிறவாத குஞ்சுகளும் அதே கூட்டில் இருந்தன. இணைந்து குடித்தனம் நடத்துவது வேறு, பிறழாதிருப்பது வேறு என்று அதன்பின் விலங்கியலார் இரண்டு சொற்களைக் கையாளத் தொடங்கினர். மணமேடைப் பேச்சாளர்கள் இன்னும் ஒரே சொல்லையே கையாள்கின்றனர்.

இயற்கை சொல்லும் கணக்கு

பாலூட்டிகளின் கணக்கு இன்னும் கடுமையானது. 2013ஆம் ஆண்டில் டீட்டர் லூக்காஸ், டிம் கிளட்டன்-புரோக் என்னும் இருவர் ஏறத்தாழ 2,500 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டனர். அவற்றுள் இணையாக வாழ்பவை 9 விழுக்காடு மட்டுமே. காரணம் எளிது. கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் தாயின் உடலில் நிகழ்கின்றன. பறவையைப் போல ஆண் அடைகாக்க முடியாது. குரங்கினங்களில் இணைவாழ்வு இதைவிட மிகுதி. ஆனால் அங்கும் அது சிறுபான்மையே.

இணைவாழ்வு ஏன் தோன்றிற்று? அவ்விருவரின் விடை, பெண்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் பரவி வாழும்போது ஓர் ஆணால் ஒருத்தியை மட்டுமே காக்க முடிகிறது என்பது. அதே ஆண்டில், அதே மாதத்தில், கிட் ஓபியும் துணைவர்களும் 230 குரங்கினங்களை ஆய்ந்து வேறொரு விடை தந்தனர். அந்நிய ஆண் குட்டியைக் கொன்றுவிடாதபடி காக்கவே தந்தை அருகில் தங்கிற்று என்றனர். இக்குட்டிக்கொலையை உலகம் முதலில் அறிந்தது நம் அண்டை மாநிலத்தில்தான். கருநாடகத்துத் தார்வாடில் 1960களின் தொடக்கத்தில் யுகிமாரு சுகியாமா என்னும் சப்பானியர், சாம்பல் மந்திக் கூட்டமொன்றைக் கைப்பற்றிய புதிய ஆண், பால்குடிக் குட்டிகளைக் கடித்துக் கொன்றதைக் கண்டு எழுதினார். குட்டி இறந்தால் தாய் விரைவில் மீண்டும் கருத்தரிக்கும் என்பதே அக்கொடுமையின் உள்கணக்கு.

இயற்கையைப் பின்பற்றுங்கள் என்பவர்களைக் கேட்கிறேன்: தார்வாட்டு ஆணையும் பின்பற்றலாமா? வேண்டாம் என்றால், இயற்கையில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று நீங்கள் எந்த அளவுகோலால் முடிவு செய்தீர்கள்? அந்த அளவுகோல் இயற்கையிலிருந்து வந்ததன்று. அப்படியானால் நேரே அந்த அளவுகோலைப் பற்றியே பேசலாமே; நடுவில் குரங்கு எதற்கு?

நம் சமவெளியையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பகுதியின் முட்காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் நிலத்தைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. அடுத்த மாதமே பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட, மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியிலும் இது உண்டு. மெலிந்தவனைத் தேவாங்கு என்று ஏளனம் செய்கிறோம். மந்திரக் கயிற்றுக்காகவும் குறி சொல்வதற்காகவும் அதைப் பிடித்துத் துன்புறுத்தினோம். தனியே திரியும் விலங்கு என்று நெடுநாள் கருதப்பட்ட அதை, 1990களின் பிற்பகுதியில் அன்னா நெகாரிசும், பின்னர் சிந்து இராதாகிருஷ்ணா, மேவா சிங் ஆகியோரும் இரவிரவாகப் பின்தொடர்ந்து ஆய்ந்தனர். பகலில் ஒரு பெண்ணும் அதன் குட்டிகளும் ஆண்களும் ஒன்றாகச் சுருண்டு உறங்குவதைக் கண்டனர். சில கூட்டங்களில் ஆண் ஒன்றன்று, பல. அந்த ஆண்கள் குட்டிகளோடு விளையாடவும் செய்தன. இதை ஒருதார மணம் என்பதா, வேறு எதுவென்பதா? நம் சொற்களுள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. தேவாங்கு தேவாங்காக வாழ்கிறது.

நரியின் கதை இன்னும் வேடிக்கையானது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஊர் மதுரை. வஞ்சகத்திற்கு உவமை வேண்டுமென்றால் நமக்கு நரி. குழந்தைக் கதைகளிலும் அரசியல் மேடையிலும் அதுவே குற்றவாளி. ஆனால் நாம் இதுவரை பேசிய பாலூட்டிகளுள் இணையாகக் குடும்பம் நடத்துவது அதுதான். ஆணும் பெண்ணும் ஆண்டுக்கணக்கில் ஒரே நிலப்பரப்பைக் காத்து, குட்டிகளுக்கு இருவரும் இரை கொணர்ந்து ஊட்டுகின்றன. சிலவேளைகளில் முந்தைய ஆண்டுக் குட்டிகளும் தம்பி தங்கையரை வளர்க்க உதவுகின்றன. மணமேடையில் யாரேனும் எழுந்து, மணமக்களே, நரிகளைப் போல வாழுங்கள் என்று வாழ்த்தியதுண்டா? விலங்கின் ஒழுக்கத்தைப் பார்த்து நாம் பாடம் கற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் மனத்தில் முன்பே இருந்த பாடத்திற்கு ஏற்ற அழகான விலங்கைத் தேடிக்கொண்டோம்.

ஆண் இயல்பு என்னும் சாக்கு

இனி இரண்டாம் குரலுக்கு வருவோம். பாலூட்டிகளில் 91 விழுக்காடு இணையாக வாழ்வதில்லை, ஆகவே ஆண் அலைவது இயற்கை என்பது அதன் வாதம். பெரும்பான்மை எண்ணிக்கையால் ஒழுக்கம் தீர்மானமாகுமெனில், பாலூட்டிகளில் பெரும்பான்மையானவை எழுதுவதில்லை, சமைப்பதில்லை, இறந்தோரை அடக்கம் செய்வதுமில்லை. அவற்றையும் நாம் விட்டுவிடலாமா? மேலும், அழகர்மலை மந்தியும் பல கடுவன்களோடு சேர்கிறது. குட்டிக்கொலைக்கு அஞ்சும் சாம்பல் மந்தியும் அவ்வாறே செய்யும். இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும் ஆண், தன் மனைவிக்கும் அதே இயற்கையை வழங்கச் சித்தமாக இருக்கிறானா? இல்லை. மனைவியைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவன் விலங்கியலை மூடிவைத்துவிட்டுக் கல்லானாலும் கணவன் என்னும் பழமொழியைத் திறக்கிறான். தனக்குக் குரங்கு, அவளுக்குக் கண்ணகி. இது அறிவியலன்று, தன்னலம்.

இத்தன்னலம் திண்ணையோடு நின்றதென்று எண்ண வேண்டாம். அது சட்டமாகவும் எழுதப்பட்டது. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம் கிறித்தவர்களுக்காக இயற்றப்பட்டது. அதன்படி கணவன் தன் மனைவி பிறழ்ந்தாள் என்று மெய்ப்பித்தாலே போதும். மனைவியோ கணவன் பிறழ்ந்தான் என்பதோடு, கொடுமை செய்தான், ஈராண்டு கைவிட்டான் என்பது போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். ஆணின் பிறழ்வு தன்னளவில் குற்றமாகாது என்பதே அதன் உட்பொருள். இங்கிலாந்து 1857இல் எழுதிய சட்டத்தின் நிழல் இது. இங்கிலாந்தே 1923இல் அவ்வேறுபாட்டை நீக்கிவிட்டது. 1995இல் கேரள உயர்நீதிமன்றம் அப்பிரிவின் பகுதிகளைச் செல்லாதென்றது. பாராளுமன்றம் திருத்தியது 2001இல். 132 ஆண்டுகள் கிறித்தவப் பெண் ஒரே பாவத்தை இரு தராசுகளில் நிறுக்கும் நீதியின் முன் நின்றாள்.

திருச்சபை மணமுறிவை ஏற்பதில்லை என்பது உண்மை. இங்கே வழக்கு மணமுறிவைப் பற்றியதன்று. தராசைப் பற்றியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் அவ்வாறே மற்றொருவன் மனைவியோடு கூடியவனை அக்கணவனின் முறையீட்டின்பேரில் தண்டித்தது. தன் கணவன் பிறழ்ந்தான் என்று முறையிட மனைவிக்கு அதில் இடமே இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்தது. ஆணின் இயல்பு வேறு என்னும் நம்பிக்கை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இவ்விரண்டு சட்டங்களும் கல்வெட்டுகள்.

இந்நோய் நம்மிடம் இல்லை என்று மார்தட்டுவதற்கும் இடமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தம் கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 1.4 விழுக்காடு. கிறித்தவப் பெண்களில் அது 2.1 விழுக்காடு; இந்துக்களில் 1.3, இசுலாமியரில் 1.9. வடகிழக்கு மலைமாநிலங்களின் பழங்குடி மரபு இவ்வெண்ணை உயர்த்துகிறது என்பது சரியே. ஆயினும் ஒருவனுக்கு ஒருத்தி என்பதை மற்ற சமயத்தாருக்குப் போதிக்கப் புறப்படுபவர், முதலில் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது நலம்.

அக்குவினாரின் வாதம்

கற்றறிந்த வாசகர் ஒருவர் இங்கே என்னைத் தடுத்து நிறுத்தலாம். இயற்கைச் சட்டம் என்பதை நம் மறையியல் ஏற்கவில்லையா? புனித தோமா அக்குவினாரே திருமணத்தின் நிலைபேற்றை விளக்க விலங்குகளைச் சான்று காட்டவில்லையா? காட்டினார். நாயைப் போலத் தாய் மட்டுமே குட்டிகளை வளர்த்துவிடக்கூடிய இனங்களில் ஆண் தங்குவதில்லை. பறவைகளைப் போல இருவர் உழைப்பும் தேவைப்படும் இனங்களில் ஆண் தங்குகிறது. மனிதக் குழந்தைக்கோ உணவோடு நெடுங்காலக் கல்வியும் ஒழுக்கப் பயிற்சியும் வேண்டும், ஆகவே தந்தை வாழ்நாள் முழுவதும் தங்கவேண்டும் என்றார்.

இவ்வாதத்தைக் கூர்ந்து நோக்குக. அக்குவினார் விலங்கை முன்மாதிரியாக நிறுத்தவில்லை. குழந்தையின் தேவையை அளக்க அதை ஒப்பிட்டார், அவ்வளவே. அவருடைய நாய்ச் சான்று கூட முழுமையானதன்று. மேற்கு வங்கத்துக் கட்வா நகரில் தெருநாய்களை ஆய்ந்த சுனில்குமார் பால், சில ஆண்நாய்கள் குட்டிகளின் அருகே நின்று அந்நியரை விரட்டியதை 2005இல் பதிவு செய்தார். நாய்ச் சான்று தளர்ந்ததால் அக்குவினாரின் முடிவு தளர்ந்ததா? இல்லை. ஏனெனில் அது நாயின் மேல் கட்டப்படவில்லை. கையேந்தி நிற்கும் மனிதக் குழந்தையின் மேல் கட்டப்பட்டது. இயற்கை நமக்குத் தேவையைக் காட்டுகிறது. அத்தேவைக்குப் பதில்சொல்லும் கடமையை மனிதன் மனமுவந்து ஏற்கவேண்டும்.

உலகில் மிகவும் பிறழாதது எனச் சொல்லத்தக்க குரங்கு ஒன்று உண்டு. அர்ஜென்டினாக் காடுகளில் வாழும் இராக்குரங்கு. 2014இல் வெளியான ஆய்வில் 17 இணைகளின் 35 குட்டிகளைச் சோதித்தபோது ஒன்றுகூட அயல்தந்தைக்குப் பிறந்ததாகத் தெரியவில்லை. அங்கே குட்டியைப் பெரும்பாலும் தூக்கிச் சுமப்பது தந்தை. மேடைப் பேச்சாளருக்கு இதைவிட நல்ல விலங்கு கிடைக்காது! ஆனால் அதே ஆய்வாளர்கள் மற்றொன்றும் கண்டனர். வலிய அந்நியன் ஒருவன் வந்து தாக்கி, உள்ள துணையைத் துரத்திவிட்டால், எஞ்சியது வந்தவனையே ஏற்றுக்கொள்கிறது. பெண் வந்து பெண்ணைத் துரத்தினாலும் அவ்வாறே. அங்கே நிலவுவது இடத்தையும் வலிமையையும் பற்றிய உடன்பாடு. நோயுற்றாலும் நான் உன்னோடு இருப்பேன் என்னும் சொல் அங்கே எழுவதில்லை, எழ முடியாது.

வடஅமெரிக்கப் புல்வெளி எலியின் மூளையில் சுரக்கும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரே காதலின் இரகசியம் என்று ஒரு தலைமுறையாக எழுதப்பட்டு வந்தது. 2023இல் அந்த இயக்குநீரை ஏற்கும் மரபணுவை நீக்கிய எலிகளும் இணைபிரியாது வாழ்ந்தன எனக் கண்டனர். நாளை வேறொரு சுரப்பி கண்டுபிடிக்கப்படும். அதனால் விலங்கியல் வளரும், வளரட்டும். ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் நம் மணவாக்கு ஏறி இறங்குமானால், அது வாக்கே அன்று.

நற்செய்தியிலும் இந்த வேறுபாடு தெளிவாக உள்ளது. நாளைய உணவைப் பற்றிய கவலையை நீக்க இயேசு வானத்துப் பறவைகளைச் சுட்டிக்காட்டினார். மனைவியை விலக்கிவிடலாமா என்று பரிசேயர் வினவியபோதோ, அவர் எந்தப் பறவையையும் சுட்டவில்லை. படைப்பின் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் பெற்ற அழைப்பை நினைவூட்டினார். விலக்கிவிட அனுமதி ஏன் வந்தது என்பதற்கு, கேட்டவர்களின் கடின உள்ளத்தையே காரணமாகக் காட்டினார். பறவை நம்பிக்கைக்கு ஆசிரியராகலாம். வாக்குறுதிக்கு ஆசிரியராக முடியாது, ஏனெனில் பறவை வாக்குக் கொடுப்பதில்லை. வாக்குக் கொடுக்காத உயிர், வாக்குத் தவறவும் முடியாது. அழகர்மலைக் கடுவன் எவருக்கும் துரோகம் செய்யவில்லை. வீட்டைவிட்டுப் போன மனிதன் செய்கிறான். இவ்வேறுபாட்டை மங்கச் செய்யும் எந்தப் பேச்சும், வாழ்த்துரையானாலும் சாக்கானாலும், கைவிடப்பட்டவளுக்கு எதிரான பேச்சே.

ஆகவே மணமேடையில் பேசுவோரிடம் ஒரு வேண்டுகோள். அன்றிலைக் காட்டிலும் மாடப்புறாவைக் கூட்டிலும் விட்டுவிடுங்கள். சற்றுமுன் பீடத்தின் முன்னே மணமக்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பேசுங்கள்: இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று இருவரும் ஒரே சொற்களைச் சொன்னார்கள், ஆணுக்கு ஒரு வாய்பாடும் பெண்ணுக்கு வேறொன்றும் அங்கே இல்லை என்பதை அவைக்கு நினைவூட்டுங்கள். திருமண முன்தயாரிப்பு வகுப்பு நடத்துவோர், மணமகனிடம் நேராகக் கேளுங்கள்: வேலைக்காகத் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ தனியே போகும் நாள் வந்தால், இவ்வாக்கை எப்படிக் காப்பாய்? குழந்தை இல்லையென்று உறவினர் இரண்டாம் மணம் பேசி வந்தால், வாசலில் யார் எழுந்து நின்று மறுப்பது?

பங்குப் பேரவைகளுக்கும் ஒன்று உண்டு. கணவனால் கைவிடப்பட்டு, பிள்ளைகளோடு பிறந்த வீட்டின் பின்கட்டில் வாழும் பெண்கள் நம் பங்குகளில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்திருக்கிறோமா? பொறுத்துப் போ, ஆண் அப்படித்தான் என்று சொல்லி அவளைத் திருப்பியனுப்பும் வழக்கம் நின்றுவிட்டதா? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வாழ்க்கைப்படி வழக்குக்கு வேண்டிய வழக்கறிஞர் உதவியும் அவளுக்குக் கிடைக்க ஏதேனும் செய்திருக்கிறோமா? கைவிட்டவன் திருவிழாக் குழுவில் முன்வரிசையில் நிற்க, கைவிடப்பட்டவள் கோவிலின் கடைசி வரிசையில் ஒடுங்கி அமரும் காட்சி எந்தப் பங்கில் இருந்தாலும், அங்கே இருதார மணத்திற்கு எதிராக ஆற்றப்படும் மறையுரைகளுக்கு மதிப்பில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தின் முதல் பொருளாக இக்கணக்கை வையுங்கள்.